தங்கக் காப்பிக் கலத்தொகுதி

தங்கக் காப்பிக் கலத்தொகுதி என்பது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள குரூனஸ் கெவெல்பே (பச்சை மாடம்) அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் பரோக் காலக் கலைப்பொருள் ஆகும். இது சாக்சனியின் ஆட்சியாளரும், 1697 இல் போலந்தின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான வலிய அகஸ்டசுக்காக 1697 க்கும் 1701 க்கும் இடையில் செய்யப்பட்டது.

உருவாக்கியோர்

அரசவைப் பொற்கொல்லர் யோகான் மெல்கியோர் டிங்லிங்கர் (1664–1731) இதனை வடிவமைத்தார். எனாமல் வேலையை அவரது தம்பி கேயார்க் பிரீடரிக் செய்தார். தந்தச் சிற்பங்கள் பவுல் ஹெர்மானின் கைவண்ணம். இதன் விலை 50,000 தாலர் ஆகும்.

அமைப்பு

பொன்முலாம் பூசிய வெள்ளியாலான தாங்கியின் மீது கலங்கள் கூம்பு வடிவில் அடுக்கப்பட்டுள்ளன. உச்சியில் காப்பிக் கூசா உள்ளது. அதன் கீழ்க் கைப்பிடியற்ற சிறு கிண்ணங்கள், தட்டுகள், சர்க்கரைப் பெட்டிகள், கண்ணாடிக் குப்பிகள் ஆகியவை உள்ளன. கலங்களின் எண்ணிக்கை 45. ஆயிரக்கணக்கான வைரங்களும் இதில் பதிக்கப்பட்டுள்ளன.

எனாமல் பூச்சு

எனாமல் என்பது உலோக ஆக்சைடுகளால் நிறமூட்டப்பட்ட கண்ணாடித் தூள் ஆகும். இதனை உலோகத்தின் மீது பூசிச் சூளையில் சுடும்போது, உருகி உலோகத்துடன் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளீய ஆக்சைடு சேர்த்தால் ஒளிபுகாத வெண்மை கிடைக்கும். ஓவியம் தீட்டிய கலங்களைப் பலமுறை சுடவேண்டும். ஒருமுறை சூடு பிசகினாலும் முந்தைய வேலை முழுவதும் பாழாகிவிடும்.

பீங்கானின் போலி

கிண்ணங்கள் தங்கத்தால் ஆனவை. எனினும் அத்தங்கம் வெண்ணிற எனாமலால் மறைக்கப்பட்டு, கீழைநாட்டுப் பீங்கான் போலத் தோற்றமளிக்கிறது. சீனாவிலிருந்தும் சப்பானிலிருந்தும் வந்த கடினப் பீங்கானைச் செய்யும் முறையை அக்கால ஐரோப்பியர் அறிந்திருக்கவில்லை. எனவே களிமண் கலத்தின் தோற்றத்தைப் பெறுவதற்குப் பொன் பயன்படுத்தப்பட்டது. 1708 இல் டிரெஸ்டனில் யோகான் பிரீடரிக் பொட்கர் வெண்பீங்கான் செய்வதில் வெற்றிகண்டார். 1710 இல் அகஸ்டஸ் மைசன் பீங்கான் தொழிற்சாலையை நிறுவினார். அதன் பின்னர் இத்தகைய போலிக்குத் தேவை இருக்கவில்லை.

பயன்பாடு

இத்தொகுதி அருந்துவதற்கன்றி, அரசரின் செல்வத்தையும் அதிகாரத்தையும் காட்டுவதற்கே செய்யப்பட்டது. புதிதாகப் பெற்ற போலந்து முடிக்கு ஏற்ற பெருமையை வெளிப்படுத்தவேண்டிய நிலையில் அகஸ்டஸ் இருந்தார். 1701 இன் இறுதியில் இது வார்சாவில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பிற்கால வரலாறு

இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945 இல், குரூனஸ் கெவெல்பேயின் சேகரிப்புகள் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1958 இல் திருப்பியளிக்கப்பட்டன. 2004 இல் திறக்கப்பட்ட புதிய குரூனஸ் கெவெல்பே பகுதியில் இத்தொகுதி காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. 2019 இல் நிகழ்ந்த நகைத் திருட்டு வரலாற்றுப் பகுதியில் நடந்ததால், இதற்குப் பாதிப்பு ஏற்படவில்லை.