பரீட்சையும் உபாத்தியாயரும்

பிள்ளை கற்ற கல்வியை அளந்து சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? நம் நாட்டுப் பள்ளிகளின் வரலாற்றில் இவ்வினா பலமுறை எழுந்திருக்கிறது. 1823ஆம் ஆண்டில், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பெல்லாரியின் கலெக்டர் காம்ப்பெல் என்பவர் நாட்டுப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாமவனுக்கு வெறுஞ்சுழி, அவன் புகழ்ச்சிக்கும் உரியவனல்லன், இகழ்ச்சிக்கும் உரியவனல்லன். மூன்றாமவனுக்கு மெல்ல ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்கப்பால் வருவோர்க்கெல்லாம் ஒவ்வோர் அடி கூடுதல். இது கல்வியை அளக்கவில்லை, கால்களின் வேகத்தையே அளந்தது என்று நாம் நகைக்கலாம். எனினும் அங்கே மதிப்பிட்டவர் பிள்ளையை நாள்தோறும் கண்டவர். பாடத்தை அவன் ஒப்பிக்கக் கேட்டவர்.

அந்தத் தொடர்பு 1857இல் அறுந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் அவ்வாண்டு தோன்றிய பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டவை. தொடக்கத்தில் அவை பாடம் கற்பிக்கவில்லை. பரீட்சை நடத்திப் பட்டம் அளிப்பதே அவற்றின் பணி. பம்பாயின் முதல் மெட்ரிகுலேஷன் பரீட்சை 1859இல் நடைபெற்றது. அதில் தேறியவர்களுள் ஒருவர் மகாதேவ் கோவிந்த ரானடே. மாணவன் முகத்தையே அறியாத ஒருவர், விடைத்தாள் ஒன்றை மட்டும் கண்டு தீர்ப்பு வழங்கும் முறை இவ்வாறு வேரூன்றியது.

அம்முறையை நாம் எளிதில் இகழ்ந்துவிடலாகாது. தமிழகத்தை விட்டுப் பம்பாய்க்கு வந்து, மாட்டுங்காவில் குடியேறிக் குமாஸ்தா வேலை தேடிய குடும்பங்களுக்குச் சிபாரிசு செய்வார் யாருமில்லை. அவர்கள் கையில் இருந்தது மெட்ரிகுலேஷன் சான்றிதழ் ஒன்றே. பெயரும் ஊரும் அறியாத பரீட்சகர் அவர்களுக்கு அரணாகவே நின்றார். 1932இல் மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளி தோன்றியபோது, அந்தச் சான்றிதழின் அருமையை அறியாத பெற்றோர் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் அந்தப் பரீட்சகரின் துலாக்கோல் நேரானதா? டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த சர் பிலிப் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்பவருடன் சேர்ந்து 1935இல் இங்கிலாந்தில் இதனைச் சோதித்து நூலாக வெளியிட்டார். 15 சரித்திர விடைத்தாள்களை 14 பரீட்சகர்கள் ஒருமுறை திருத்தினர். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அவர்களே மீண்டும் திருத்தினர். 210 தீர்ப்புகளுள் 92 மாறிப்போயின! தாளும் அதுவே, கையும் அதுவே.

சுதந்திரம் பெற்றபின் இக்குறையைத் தீர்க்க முன்வந்தவர்களுள் முதன்மையானவர் நம்மவர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, மறு ஆண்டே அறிக்கை தந்தது. வெளிப்பரீட்சைகளைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு மாணவனைப் பற்றியும் பள்ளி பதிவேடு வைத்து, இறுதி மதிப்பீட்டில் அதற்கும் இடமளிக்க வேண்டும். எண்களுக்குப் பதில் ஐந்து படித்தரங்கள் போதும் என்றது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழுவும் ஏறக்குறைய அவ்வழியே சென்றது. 1953இல் சொன்னது இன்றும் புதுமைபோல் ஒலிப்பதே அது எவ்வளவு மெதுவாக நிறைவேறியது என்பதைக் காட்டும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர் மதிப்பீட்டைக் கொணர்ந்து, பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையைப் பலருக்கு விருப்பத்துக்குரியதாக்கியது. 2018இல் அதனை மீண்டும் எல்லோர்க்கும் கட்டாயமாக்கியது.

மகாராஷ்டிரத்தில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. அங்கே எஸ்.எஸ்.சி. பரீட்சையில் மொழிப்பாடங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் 20 மதிப்பெண்கள் பள்ளியின் கையில் இருந்தன. பள்ளிகள் அவற்றை வாரி வழங்குகின்றன என்ற குறை எழுந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. அரசு அந்த 20ஐ நீக்கியது. 2018இல் 89.41 சதவீதமாக இருந்த தேர்ச்சி, 2019இல் 77.10 ஆக வீழ்ந்தது. பாடத்திட்டம் அவ்வாண்டு மாறியதையும் காரணமாகக் கூறத்தான் வேண்டும். ஆனால் மற்ற வாரியங்களின் மாணவர்க்கு உள்மதிப்பீடு இருக்க, தம் பிள்ளைகள் மட்டும் கல்லூரி வாசலில் பின்தங்குவதா என்று பெற்றோர் கேட்டனர். சில மாதங்களிலேயே 20 மதிப்பெண்களும் திரும்பின. 2020இல் தேர்ச்சி 95.30 சதவீதம்; கொள்ளைநோயினால் புவியியல் தேர்வு அவ்வாண்டு நடைபெறவில்லை என்பதையும் நேயர்கள் நினைவிற்கொள்க.

இந்த ஏற்றத்தாழ்வு தாராவித் தமிழ்ப் பிள்ளைக்கும் செம்பூர்த் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரே பொருளுடையதன்று. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கடைவீதியில் மராத்தி என்று வளரும் தாராவிச் சிறுவன் மராத்தியில் தடையின்றிப் பேசுவான். எழுதும்போது இலக்கணம் அவனைக் காட்டிக்கொடுக்கும். வாய்மொழித் தேர்வில் அவனுடைய உபாத்தியாயர் கேட்டறிவதை, தொலைவில் அமர்ந்து தாள் திருத்துபவர் அறிய வழியில்லை. ஆகவே 20ஐ அடியோடு நீக்கியது தவறு என்றே நாம் கருதுகிறோம். அதை எல்லோர்க்கும் முழுமையாக அளிப்பதும் அவனுக்கு உதவாது. பேசத் தெரிந்தவனும் தெரியாதவனும் அங்கே ஒன்றாகிவிடுகின்றனர்.

2021இல் எழுத்துத் தேர்வே நடைபெறவில்லை. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50, பத்தாம் வகுப்பில் பள்ளி நடத்திய தேர்வுகளுக்கு 30, செய்முறைக்கும் ஒப்படைப்புக்கும் 20 என்று வகுத்து, தீர்ப்பு முழுவதையும் பள்ளியிடமே விட்டனர். நூற்றுக்கு 99.95 பேர் தேறினர். கல்லூரிகள் அந்த மதிப்பெண்ணை நம்பத் தயங்கின; பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்குத் தனியே ஒரு நுழைவுத் தேர்வு அறிவிக்கப்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதனை நீக்கிற்று. மறு ஆண்டு எழுத்துத் தேர்வு திரும்பியபோது, 20 மதிப்பெண்கள் பள்ளியின் கையிலேயே இருந்தன.