முகவரியைத் திருத்திய காலம்

பட்டியலின் எந்த இடத்தில் மதிப்பை இடுவது என்பதை ஒரு மாறியே தீர்மானிக்கும் வசதி தொடக்ககாலக் கணினிகளில் எளிதாகக் கிட்டவில்லை. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், அடுத்தடுத்த நினைவிடங்களில் எண்களை இட வேண்டுமானால், நிரல் தன் கட்டளைக்குள் பொதிந்திருந்த முகவரியைத் தானே கூட்டித் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பழைய முகவரியை மீட்டு வைக்காவிட்டால் அடுத்த ஓட்டம் தவறான இடத்தில் எழுதிவிடும். மான்செஸ்டர் மார்க் 1 பொறியின் 'பி-குழாய்', அதாவது நினைவிலுள்ள கட்டளையை மாற்றாமலே முகவரியோடு கூட்டப்படும் எண்ணைத் தாங்கும் சுட்டுப் பதிவகம், இத்தொல்லையை நீக்கியது. 1957இல் ஜான் பேக்கஸ் குழுவினர் ஐபிஎம் 704 கணினிக்கு வெளியிட்ட ஃபோர்ட்ரான் நிரல்மொழி, அடைப்புக்குறிக்குள் மாறியை எழுதினாலே போதும் என்றாக்கி, பதிவகங்களைப் பங்கிடும் பொறுப்பை, நிரலை இயந்திரக் கட்டளையாக்கும் தொகுப்பியிடம் விட்டது. ஐபிஎம் 704 சுட்டெண்ணை முகவரியிலிருந்து கழித்ததால் பட்டியல்கள் நினைவகத்தில் தலைகீழாக அடுக்கப்பட்டன என்பது, நிரலர் பெரும்பாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத விந்தை.