கண்ணுக்கு மறைத்த வெளிச்சம்

டென்மார்க்கில் பிஎச் விளக்கை அறியாதவர் குறைவு. கவிழ்த்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல, வசதியானவர்களின் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும். அதன் வரலாற்றில் யுத்தமும் அகதி வாழ்வும் கலந்திருப்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

அதைச் செய்த போல் ஹென்னிங்சன் 1894இல் பிறந்தவர். மண்ணெண்ணெய் விளக்கொளியில் வளர்ந்தவர். மின்குமிழின் வெறும் இழை கண்ணைக் குத்தியது. சுற்றிலும் இருள், நடுவில் கூரிய ஒளிப்புள்ளி: கண் கூசுவது இதனால்தான். 1925இல் பாரிஸ் கண்காட்சிக்கும் 1926இல் கோப்பன்கேகன் ஃபோரும் மண்டபத்துக்கும் அவர் செய்த விளக்குகளில் மூடிகள் குமிழை மறைத்தன. அவற்றில் பட்டுத் தெறித்த வெளிச்சமே கீழே வந்தது.

1940 ஏப்ரல் 9இல் ஜேர்மனியப் படை நுழைந்தது. இருட்டடிப்பு வந்தது. 1941இல் திவோலி பூங்காவுக்கு, மேலே பறக்கும் விமானங்களுக்குத் தெரியாத விளக்குகளை அவர் அமைத்தார். பூங்கா நள்ளிரவு வரை திறந்திருந்தது. 1943இல் அவரே அகதியானார். கட்டடக் கலைஞர் ஆர்ன யாகொப்சனோடு சிறு வள்ளத்தில் கடல் கடந்து சுவீடன் போய்ச் சேர்ந்தார்.

இந்த உபாயத்தை எமக்கு எவரும் சொல்லித்தரவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய், ஒரு பஞ்சுத்திரி. ஹெலியின் சத்தம் கேட்டால் அதையும் மட்டையால் மறைத்தோம். வானத்தில் பரா வெளிச்சம் வெடித்தால் முற்றத்து மணல் வரை வெளுத்துப்போகும். அணைந்த பின் கொஞ்ச நேரம் கண் தெரியாது. அது நாம் பார்ப்பதற்கான வெளிச்சமல்ல, எம்மைப் பார்ப்பதற்கானது.

இங்கே நாம் கோப்பை கழுவிய குசினிகளில் குழாய்விளக்குகள் எரிந்தன. பழைய வகைக் குழாய்விளக்கு 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை மினுங்குகிறது. கண் அதை உணராவிட்டாலும் தலை உணர்கிறது. 1989இல் பிரித்தானியாவில் ஆர்னல்ட் வில்கின்ஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மினுக்கம் இல்லாத விளக்குகளின் கீழ் அலுவலக ஊழியர்களின் தலைவலியும் கண்சோர்வும் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. இரவு வேலை முடிந்து வந்து, குளிர்தான் காரணம் என்று பனடோல் விழுங்கிய எம்மவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

ஹென்னிங்சன் 1926 முதல் 1928 வரை நடத்திய ‘கிறிற்றிஸ்க் றெவி’ ஏட்டில் பணக்காரப் பகட்டைச் சாடியவர். இன்று அவருடைய விளக்கை வாங்கக் கோப்பை கழுவுபவர் சம்பளத்தின் பெரும் பங்கைக் கொடுக்க வேண்டும். அது கிடக்கட்டும். மினுங்காத, கண்ணைக் குத்தாத ஒரு விளக்கைக் குசினிக்குக் கேட்பது ஆடம்பரமல்ல. முதலாளியிடம் அதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.