எட்டுக் குதிரைகளும் ஒரு போர்வையும்

1881-ஆம் ஆண்டு. வட அமெரிக்காவின் டக்கோட்டாப் பகுதியில், லக்கோட்டாப் பழங்குடியினரின் தலைவர் ஸ்பாட்டட் டெயில், தம் இனத்தவரான குரோ டாக் என்பவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். இனத்துப் பெரியோர் கூடினர். கொன்றவர் தரப்பு 600 டாலரும் எட்டுக் குதிரைகளும் ஒரு போர்வையும் இறந்தவர் குடும்பத்துக்கு அளிக்க வேண்டுமென முடிவாயிற்று. இரு தரப்பும் இசைந்தன. பழிக்குப் பழியென மேலும் பிணங்கள் விழாதிருக்க அவர்கள் கண்ட வழி அது. அதனைக் காட்டுமிராண்டி வழக்கமென ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

வெள்ளையருக்கோ அது நீதியாகவே தோன்றவில்லை. டெட்வுட் நகரில் நடந்த வழக்கில் குரோ டாக்குக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய வழக்கில் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லையென 1883-இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. சினமுற்ற நாடாளுமன்றம் 1885-இல் சட்டமியற்றி, கொலை முதலிய ஏழு பெருங்குற்றங்களை நடுவண் அரசின் நீதிமன்றங்களுக்கு உரியனவாக்கியது. 1968-இல் வந்த சட்டமோ, பழங்குடி நீதிமன்றங்கள் ஆறு மாதத்துக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கலாகாதென வரம்பிட்டது. குற்றம் புரிந்த அயலாரை அவை விசாரிக்கவே கூடாதென 1978-இல் தீர்ப்பாயிற்று. பழங்குடிப் பெண்ணை அவள் வீட்டிலேயே அடித்துத் துன்புறுத்தும் அயலான், அவளுடைய மக்களின் நீதிபதி முன் நிற்க வேண்டியதில்லை!

பறித்த கையே பின்னர் மானியம் நீட்டியது. பழங்குடி நீதிமன்றங்களுக்கு ஆண்டுதோறும் 5 கோடி டாலருக்கு மேல் வழங்கலாமென 1993-இன் சட்டம் கூறிற்று. உண்மையில் ஒதுக்கப்பட்டதோ அதில் சிறு பகுதியே. காவலர் நியமனம், நீதிமன்றம், பாதிக்கப்பட்டோர் உதவி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பித்து வந்த நிலை மாறி, 2010-இல் ஒரே விண்ணப்பம் என்ற ஏற்பாடு வந்தது. எனினும் அது போட்டி மானியமே. திட்ட அறிக்கை எழுதத் தேர்ந்த ஆள் இல்லாத சிற்றினங்கள் பின்தங்கவே நேரும். 1868-இல் லாரமிக் கோட்டை உடன்படிக்கையில், லக்கோட்டா மக்களுக்குத் தீங்கிழைக்கும் வெள்ளையரைப் பிடித்துத் தண்டிப்போமென வாக்களித்த அரசு இது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். கடனைக் கொடையென்று பெயரிட்டுத் தருவது எவ்வகையில் முறை?

2013-இல் சட்டம் சற்று நெகிழ்ந்தது. இல்லற வன்முறை புரியும் அயலாரைப் பழங்குடி நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்றாயிற்று. ஆனால் வழியற்ற குற்றவாளிக்கு வழக்கறிஞரை அந்த இனமே தன் செலவில் அமர்த்த வேண்டும்; அயலாரையும் விலக்காத ஜூரியும் வேண்டும். இச்செலவுகளுக்கென ஆண்டுக்கு 50 இலட்சம் டாலர் வழங்க அதே சட்டம் இசைவளித்திருந்தது. முதல் ஒதுக்கீடு 2016-ஆம் நிதியாண்டில்தான் வந்தது; அதுவும் 25 இலட்சம் டாலரே.