டில்லி முகட்டின் சரளைப் பாதைகள்

தமிழகத்திலிருந்து உறவினர் எவரேனும் டில்லிக்கு வந்தால், குதுப் மினாரையும் செங்கோட்டையையும் காட்டி, பிர்லா மந்திரில் வழிபாடு செய்வித்து, ரயிலேற்றி விடுவது நம்மவர் வழக்கம். அந்தப் பிர்லா மந்திரின் முதுகுப்புறத்தே முள்மரம் சூழ எழுந்து நிற்கும் பாறைத் திடரை ஏறெடுத்துப் பார்ப்பவர் அரியர். 'ரிட்ஜ்' என்று ஆங்கிலத்திலும், 'பஹாடி' என்று இவ்வூர் மக்கள் வாயிலும் வழங்கும் அம்முகட்டைப் பற்றிச் சில செய்திகளை இவ்வாண்டு மலரில் எழுத முற்பட்டோம்.

இதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்கள் நம் காலனி இளைஞர்களே. 'கிராவல் பைக்' எனப்படும் புதுவகைச் சைக்கிள்களில் ஞாயிறு தோறும் விடியுமுன் புறப்பட்டு, தார்ச்சாலையை விட்டு விலகிச் சரளையும் மண்ணுமான காட்டுப் பாதைகளில் இவர்கள் சுற்றி வருகிறார்கள். பெற்றோருக்கு இதில் சம்மதமில்லை. "முள்ளும் குரங்கும் உள்ள இடத்தில் என்ன வேலை?" என்று கடிந்துகொள்கிறார்கள். இது உலகெங்கும் பரவிவிட்ட விளையாட்டு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் புல்வெளிக் குன்றுகளில் 2006இல் தொடங்கிய பந்தயம் பெரும் புகழ் பெற்றது. 2022இல் இத்தாலியில் முதல் உலக வாகையர் போட்டியும் நடந்தேறியது. சைக்கிளின் விலையைக் கேட்டபோது நமக்கும் சற்றே மயக்கம் வந்தது உண்மை. ஆயினும் அதன் டயரின் அகலத்தைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. ஏறக்குறைய 40 மில்லிமீட்டராம்! நம் தந்தையர் ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ், ராலே வண்டிகளின் இருபத்தெட்டுக்கு ஒன்றரை அங்குல டயரும் அதே 40 மில்லிமீட்டர்தான். அம்பத்தூரில் நம் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை அத்தகைய வண்டிகளைச் செய்த காலத்தில், அவற்றைச் சரளைச் சைக்கிள் என்று எவரும் தனியே அழைக்கவில்லை. சாலையே சரளையாக இருந்ததுதான் காரணம்.

இனி முகட்டின் கதைக்கு வருவோம். குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தானத்தைக் கடந்து வரும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி வால் இது. இமயமலை தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னரே இம்மலை தோன்றி, தேய்ந்து தேய்ந்து இன்று குன்றளவாயிற்று. தெற்கே பாட்டி, துக்ளகாபாத் பகுதியிலிருந்து வடக்கே யமுனைக் கரையின் வஜீராபாத் வரை, இடையிடையே அறுபட்டு நீளும் இத்தொடரின் பாறை குவார்ட்சைட் என்னும் கடுங்கல். பழைய லால் கோட்டையின் மதிலும் துக்ளகாபாத்தின் மதிலும் இக்கல்லால் எழுந்தவையே. நிலத்தைப் பகுத்த பழைய வருவாய்க் கணக்கர் ஆற்றோரத்தைக் காதர் என்றும், மேட்டுச் சமவெளியைப் பாங்கர் என்றும், தாழ்ந்த நீர்தங்கு நிலத்தை டாபர் என்றும், இம்மலைநிலத்தைக் கோஹி என்றும் குறித்தனர். நம் முன்னோர் ஐந்திணை வகுத்ததை நினைத்தால், இக்கோஹி நிலம் மழைக்காலத்தில் முல்லை, கோடையில் பாலை எனத் துணிந்து கூறலாம். பாலைப் பாடல்களில் வரும் உகாய் மரத்தின் இனம் இங்கும் உண்டு. வடவர் அதனைப் பீலு என்பர். வெள்வேலம், கருவேலம், இலந்தை, புரசு ஆகியவையும் இங்குள்ளன. பங்குனியில் புரசு பூக்கும்போது, ஊரை நினைத்து ஏங்கும் நம்மவர் ஒருமுறை சென்று காணத் தகும்.

இக்காட்டில் முதன்முதல் பாதை வகுத்தவர் ஆடுமாடு மேய்த்தவராகவே இருத்தல் வேண்டும். அவர்கள் கல்வெட்டு எதனையும் விட்டுச் செல்லவில்லை. சான்று விட்டுச் சென்றவர் வேட்டைக்காரர். 1351 முதல் 1388 வரை ஆண்ட பிரூஸ் ஷா துக்ளக் வேட்டையில் தீராத வேட்கையுடையவர். வடமுகட்டில் அவர் வேட்டை மாளிகை ஒன்று எழுப்பினார். மீரட்டிலிருந்து அசோகர் தூண் ஒன்றைக் கொணர்ந்து அங்கே நிறுத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் அத்தூண் துண்டு துண்டாயிற்று. 1867இல் துண்டுகளை ஒட்டி மீண்டும் நிறுத்தினர். நடுமுகட்டில் மால்சா மகாலும், கரோல் பாக்கை அடுத்துப் பேருருவ அனுமார் சிலைக்கு அருகே பூலி பட்டியாரி மகாலும் துக்ளக் காலத்து வேட்டைக் கட்டடங்களே. கரோல் பாக்கில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனை! அவற்றுள் இதனைக் கண்டவை எத்தனை?

1857ஆம் ஆண்டில் வடமுகடு போர்க்களமாயிற்று. மே 11ஆம் நாள் டில்லியில் கிளர்ச்சி மூண்டபோது, வெள்ளையர் குடும்பங்கள் முகட்டின் மேலுள்ள கொடிமரக் கோபுரத்தில் ஒடுங்கின. ஜூன் 8ஆம் நாள் ஆங்கிலப் படை முகட்டைக் கைப்பற்றியது. செப்டம்பர் 14ஆம் நாள் நகரத்தின் மீது பாயும் வரை மூன்று மாதத்துக்கு மேல் அப்பாறை மேல் கிடந்தது. படைத் தலைவர் பர்னார்டு ஜூலை 5ஆம் நாள் காலராவுக்கு இரையானார். செப்டம்பர் முதல் வாரத்தில் யானைகள் இழுக்கப் பெரும் பீரங்கிகள் வந்து சேர்ந்தன. 1863இல் வெற்றியாளர் எழுப்பிய நினைவுச் சின்னத்தில் நம் சிப்பாய்கள் 'பகைவர்' என்று பொறிக்கப்பட்டனர். 1972இல் அதன் பெயர் அஜித்கட் என்று மாற்றப்பட்டு, அப்பகைவர் விடுதலைக்குப் போராடியோர் எனத் தெரிவிக்கும் பலகையும் வைக்கப்பெற்றது. பழைய எழுத்தை அழிக்காமல் அதன் அருகே மறுமொழி வைத்த அவ்வேற்பாட்டை நாம் மிகவும் போற்றுகிறோம். பல்கலைக்கழகத்து மாணவர் இன்று அவ்வழியே உடற்பயிற்சிக்கு ஓடுகின்றனர். எத்தனை பேர் நின்று படிக்கிறார்களோ அறியோம்.

1911 டிசம்பர் 12ஆம் நாள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகர் மாற்றத்தை அறிவித்தார். அன்று முதல் முகட்டின் தலையெழுத்து மாறிற்று. ரைசினாக் குன்றின் உச்சி வெடி வைத்துத் தகர்த்துச் சமன் செய்யப்பட்டது. கட்டுமானப் பொருள்களைச் சுமக்க 'இம்பீரியல் டில்லி ரயில்வே' என்று தற்காலிக இருப்புப் பாதையே போடப்பட்டது. ரயில்வேயில் எழுத்தராகப் பிழைக்கும் நமக்கு அதில் ஒரு தனி அபிமானம். மால்சா, ரைசினா முதலிய சிற்றூர்களின் நிலம் 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எடுத்துக்கொள்ளப்பட்டது. மால்சா மக்களின் வழித்தோன்றல்கள் இன்று ஹரியானாவின் சோனிபட் பக்கத்தில் வாழ்கின்றனர். முன்னோர் நிலத்துக்கு உரிய ஈடு கிடைக்கவில்லை என்று வழக்காடியும் வந்தனர். தூதரகங்கள் நிறைந்த சாணக்கியபுரியில் ஒரு சாலைக்கு மட்டும் அவ்வூரின் பெயர் எஞ்சியிருக்கிறது.

1913இல் நடுமுகடு காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. அரசாங்க மாளிகைக்குப் பின்னணியில் பச்சைத் திரை வேண்டுமென்பது வெள்ளையர் எண்ணம். ஆடுமாடுகள் விலக்கப்பட்டன. பாறையில் எது வளரும் என்று தேடியவர்கள் கண்டெடுத்தது யாது? நம் இராமநாதபுரத்தார் நன்கறிந்த சீமைக்கருவேலம்! விலாயதி கீகர் என்பது இங்கு அதன் பெயர். அமெரிக்கக் கண்டத்து மரமாகிய இதன் விதையை 1870களிலேயே சென்னை மாகாண வனத்துறையினர் கேட்டு வரவழைத்தனர். நீரின்றியும் வளரும், விறகாகும், வேலியாகும்; ஆனால் தன் நிழலில் பிற செடியைப் பெரும்பாலும் வாழ விடாது. முகட்டில் இன்று மிகுதியாகக் காண்பது இதுவே. இளைஞர்களின் டயர்களைக் குத்துவதும் பெரும்பாலும் இதன் முள்ளே. தமிழகத்தில் 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதனை அகற்ற ஆணையிட்டது. டில்லியிலும் அகற்றும் முயற்சிகள் நடைபெறுகின்றன. ஒரேயடியாக வெட்டினால் அதில் கூடு கட்டிய பறவைகள் எங்கே போகும் என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. அது நியாயமான கேள்வியே.

பழைய காடு எப்படி இருந்தது என்றறிய விரும்புவோர் டில்லி எல்லையை ஒட்டி ஹரியானாவிலுள்ள மாங்கர் பனிக்குச் செல்ல வேண்டும். தௌ என்னும் மரம் அங்கே அடர்ந்திருக்கிறது. நம் ஊர் வெக்காலிக்கு அது நெருங்கிய உறவு. அக்காட்டைக் காத்தது சட்டமன்று. குதாரியா பாபா என்னும் துறவியின் இடம் அது என்றும், கிளை ஒடித்தால் கேடு சூழும் என்றும் சுற்றியுள்ள குஜ்ஜர் சிற்றூரார் நம்பினர். நம் ஐயனார் கோயில் காடுகளும் அவ்வாறே பிழைத்தன அன்றோ? அங்கே சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிச் செல்வதே முறை என்பது நம் கருத்து. இளைஞர் சிலர் இதற்கு உடன்படவில்லை.

நமக்கு முந்திய தலைமுறைத் தமிழ் எழுத்தரும் சுருக்கெழுத்தரும் கரோல் பாக்கிலிருந்து சங்கர் சாலை வழியே இம்முகட்டைக் கடந்தே செயலகத்துக்குச் சைக்கிள் மிதித்தனர். குளிர்காலத்தில் கம்பளி உறைக்குள் விரல் விறைக்க, டிபன் டப்பா பின்னால் குலுங்க, அம்மேட்டை ஏறிய அவர்கள் அதனை விளையாட்டு என்று கருதியிருக்க மாட்டார்கள்.

1994 மே மாதத்தில் முகடு முழுவதையும், அதாவது சுமார் 7,777 ஹெக்டேரை, காப்புக் காடாக்கும் அறிவிப்பு வெளிவந்தது. அதில் வடமுகடு 87 ஹெக்டேரே, தென்முகடோ 6,200. ஆயினும் அறிவிப்பு வேறு, காவல் வேறு. 2024 பிப்ரவரியில் தென்முகட்டுப் பகுதியில் சாலை அகலப்படுத்துவதற்காகச் சுமார் 1,100 மரங்கள் வெட்டப்பட்டன. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அதனை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்த்தது. சைக்கிள் போகும் பாதைக்கு ஒரு முழ அகலம் போதும். கார் போகும் பாதைக்குத்தான் மரம் விழ வேண்டியிருக்கிறது. காட்டில் நடப்பதை அடிக்கடி கண்ணால் காண்பவர் வேண்டும் என்பதனாலேயே, அனுமதியுள்ள பாதைகளில் பிள்ளைகள் செல்வதைத் தடுக்கலாகாது என்கிறோம். தனியே செல்லாமலும், இருட்டுமுன் திரும்பியும், அசோலாப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் பதிவாகியிருப்பதை நினைவிற்கொண்டும் செல்லட்டும்.

அசோலாவை அடுத்த பாட்டியில் பெரும் பள்ளங்களில் நீலநீர் தேங்கி ஏரிகளாய் நிற்கிறது. படமெடுப்பதற்கென்றே இளைஞர் விரும்பும் இடம் அது. அவை இயற்கை ஏரிகள் அல்ல. டில்லியின் வீடுகளுக்குப் 'பதர்பூர்' என்னும் செம்மணலைத் தோண்டியெடுத்த சுரங்கங்கள். தோண்டியோரில் பலர் ஓட் என்னும் மண்வெட்டும் மக்கள். பிரிவினையின்போது எல்லை தாண்டி வந்தவர்களும் அவர்களுள் உண்டு. 1990இல் சுரங்க வேலை நின்றது, மறு ஆண்டில் அவ்விடம் சரணாலயமாயிற்று, அவர்கள் பிழைப்பு போயிற்று. நம் காலனி வீடுகளின் பழைய சுவர்ப் பூச்சைச் சற்றே சுரண்டினால், அச்செம்மணல் இன்றும் உதிர்வதைக் காணலாம்.