கௌதாரி பார்த்து நின்ற நாய்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. காரணம் ஒரு நாய். சிரிக்காதீங்க, நிஜமாவே நாய்தான்.

கோயம்புத்தூரில் இருந்த அத்தை பையனுக்கு வெளிநாட்டு வேலை கிடைச்சது. அவன் வளர்த்த எட்டு மாசப் பாயின்டர் குட்டியை எங்கிட்ட தள்ளிட்டுப் போயிட்டான். வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு, தொங்கின காது, பார்த்தாலே பாவமா ஒரு மூஞ்சி. பேரு பிரவுனி. திண்டுக்கல்லில் எங்க வீட்டு மாடியில் அதைக் கட்டி வைக்க மனசு வரலை. வேடசந்தூர் பக்கம் இருக்கும் எங்க காட்டுக்கு (எங்க ஊர்ல மானாவாரி நிலத்தைக் காடுன்னுதான் சொல்லுவோம்) ஞாயிறு தோறும் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சேன்.

மூணாவது ஞாயிறு. வேலியோரம் ஓடிக்கிட்டிருந்த நாய் சடக்குன்னு நின்னுருச்சு. ஒரு முன்னங்காலைத் தூக்கி மடக்கிக்கிட்டு, மூக்கை நீட்டி, வாலை விறைப்பா வச்சுக்கிட்டு சிலை மாதிரி. கூப்பிட்டேன், அசையலை. பாம்போன்னு பயந்து ரெண்டு எட்டு வச்சேன். புதருக்குள்ள இருந்து 'படபடபட'ன்னு நாலஞ்சு கௌதாரி கிளம்பிப் பறந்துச்சு. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. நாய் என்னைத் திரும்பிப் பார்த்தது பாருங்க ஒரு பார்வை... "நான் என் வேலையைச் செஞ்சுட்டேன், நீ ஏன்யா சும்மா நிக்கிற?"ன்னு கேட்கிற மாதிரி.

யாரும் சொல்லிக் கொடுக்காத வித்தை அது, ரத்தத்திலேயே வந்தது. சரி, இதை ஒழுங்காப் பழக்கித் தர உள்ளூரில் ஒரு கிளப் இருக்கான்னு விசாரிக்கக் கிளம்பினேன்.

திண்டுக்கல்லில் நாய்த்தீனிக் கடை, கால்நடை மருத்துவர், நாய் வளர்க்கிற நண்பர்கள் என்று ஒரு ரவுண்டு. எல்லாரும் கேட்டது ரெண்டே கேள்வி: "ஷோவுக்கா? காவலுக்கா?" உட்கார், படு, கைகொடு சொல்லித்தர ஆள் உண்டு. திருடனைக் கடிக்கச் சொல்லித்தரவும் ஆள் உண்டு. பறவை நாய் பழக்க ஒருத்தரும் இல்லை. ஒருத்தர் மட்டும் ரகசியக் குரலில், "கௌதாரி பிடிக்கவா சார்?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் இது வெறும் டிரெய்னிங் சமாச்சாரம் இல்லை, இதுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்குன்னு உறைச்சது. மேட்டருக்கு வருவோம்.

அங்கே எப்படி?

பறவை நாய் என்பது பறவையைப் பிடிக்கிற நாய் இல்லை. காற்றில் வரும் வாடையை வைத்துப் பறவை எங்கே பதுங்கியிருக்குன்னு கண்டுபிடித்து, நின்று, காட்டிக் கொடுக்கிற நாய். துப்பாக்கி பரவுவதற்கு முன்பே இந்த வேலை இருந்தது. 1570இல் ஜான் கேயஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் நாட்டு நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். பறவையைக் கண்டதும் தரையோடு தரையாகப் படுத்துவிடும் நாயைப் பற்றி அதில் வருகிறது. நாய் படுத்ததும் வேட்டைக்காரர் வலையை இழுத்துப் பறவைகளை மூடிவிடுவார். பின்னால் வலை போய்த் துப்பாக்கி வந்தது. நாயின் வேலை மாறவில்லை.

1859இல் நியூகாசில் நகரில் நடந்த நாய்க்கண்காட்சியைத்தான் நவீன நாய்க்கண்காட்சிகளில் முதலாவது என்பார்கள். போட்டியிட்டவை பாயின்டரும் செட்டரும் மட்டுமே, அதாவது முழுக்கப் பறவை நாய்கள். பரிசு என்ன தெரியுமா? துப்பாக்கி! 1865இல் சவுத்ஹில் என்ற இடத்தில் முதல் களப்போட்டி. அழகு பார்க்காமல் வேலை பார்த்து மதிப்பெண் போட்டார்கள். 1873இல் லண்டனில் கென்னல் கிளப் பிறந்தது. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய வேட்டை நாய்ச் சங்கம் ஒன்று இன்றும் ஊருக்கு ஊர் கிளை வைத்து, புதுசா குட்டி வாங்கினவனையும் குட்டியையும் சேர்த்தே பழக்குகிறது. நான் திண்டுக்கல்லில் தேடினது இதைத்தான்!

நீலகிரிக்கு வந்த கிளப்

வெள்ளைக்காரன் இங்கே வந்தப்ப துப்பாக்கியோட நாயையும் கொண்டு வந்தான். வயலில் உள்ளான் சுடுறது, காட்டில் காட்டுக்கோழி சுடுறது எல்லாம் அந்தக்கால துரைமார்களுக்கு விடுமுறைப் பொழுதுபோக்கு. ஊட்டியில் நரி வேட்டைக்கென்றே இங்கிலாந்து வகை நாய்க்கூட்டம் வைத்திருந்தார்கள். அந்த ஊர் நரி இங்கே இல்லாததால் நம்ம குள்ளநரியைத் துரத்தினார்கள். தென்னிந்திய கென்னல் கிளப் நூறு வருஷத்துக்கும் மேலாக ஊட்டியில் நாய்க்கண்காட்சி நடத்தி வருகிறது.

ஜிம் கார்பெட் படிச்சவங்களுக்கு அவரோட ராபின் ஞாபகம் இருக்கும். ஸ்பானியல் வகை, பறவை வேட்டைக்கான நாய்தான். நோஞ்சான் குட்டியை 15 ரூபாய்க்கு வாங்கி, கிளப் கிளப்னு அலையாமல் தானே பழக்கினார். (என்னை மாதிரி ஆளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.)

நம்ம கூட்டம்

அப்ப நம்மாளுங்க நாயே பழக்கலையான்னு கேட்டால், பழக்கியிருக்காங்க. ஆனா அது வேற வகை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு அவனுடைய நாயும் இருக்கிறது. நாயின் பெயரையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். கர்நாடகத்தில் ஆதகூர்க் கல்வெட்டு இன்னும் சுவாரசியம். தக்கோலப் போரில் ராஜாதித்த சோழன் இறந்த செய்தியைச் சொல்லும் அதே கல்லில், காட்டுப்பன்றியோடு மோதிச் செத்துப்போன காளி என்ற நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டு. ஒரு பக்கம் சோழ இளவரசன், இன்னொரு பக்கம் நாய்!

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் இந்த வழியில் வந்த நாய்கள். முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்தும், இல்லாட்டி பன்றியை மறிக்கும். நின்று காட்டும் வேலை அதுகளுக்குக் கிடையாது.

பெரியப்பாவிடம் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர், சின்ன வயசில் வேட்டைக்குப் போனவர்.

"ஏன் பெரியப்பா, அந்தக் காலத்துல நாயை யாரு பழக்குனது?"

"நாய்க்கு எவன்டா வாத்தியாரு? மூத்த நாய்தேன் வாத்தியாரு. குட்டிய அது கூட அவுத்து விட்டா ரெண்டே மாசம். ஊர்ல இருபது பேரு, பத்து நாயி. அம்புட்டுத்தேன்."

"கௌதாரிக்கும் நாய்தானா?"

"அதுக்கு எதுக்குடா நாயி? பழக்குன சேவக் கௌதாரியக் கூண்டுல வச்சுச் சுத்திக் கண்ணி போட்டா, அது கத்துற கத்துக்குச் சண்டைக்கு வந்து மத்தது தானா மாட்டும்."

எனக்குப் பொறி தட்டினது இங்கேதான். கிளப் நம்ம ஊரிலும் இருந்திருக்கிறது. பேர்ப்பலகை, சந்தா, செயலாளர் கிடையாது, அவ்வளவுதான். ஊர்க்கூட்டமே கிளப், கிழட்டு நாயே கோச். எதையும் எழுதி வைக்கலை. கூட்டம் கலைஞ்சதும் வித்தையும் போச்சு.

கூட்டம் ஏன் கலைந்தது?

சட்டம். 1972இல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் உரிமம் வாங்கிச் சில உயிர்களை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தத்தில் அந்தக் கதவும் சாத்தப்பட்டது. கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, அதற்காக விரட்டுவது எல்லாமே வேட்டைதான். ஓட்டலில் நாம வெட்டுற காடை பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. அது தனிக் கதை.

பெரியப்பாவுக்கு இதில் வருத்தம். "எங்களால அழிஞ்சுச்சா? காட்ட அழிச்சவன விட்டுட்டு எங்களச் சொல்றாக" என்பார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கு. ஆனா மீதிப் பாதியையும் பார்க்கணும். 2022இல் எங்க மாவட்டத்தையும் கரூரையும் சேர்த்து, இந்தியாவிலேயே முதல் தேவாங்கு சரணாலயத்தைக் கடவூரில் அறிவித்தார்கள். இப்படி மிச்சமிருக்கிற உயிர்களுக்கு அவிழ்த்து விட்ட நாய் நிஜமான எமன். கௌதாரி தரையில் முட்டையிடும் பறவை. பத்து நாயை விரட்ட விட்டால் என்ன மிஞ்சும்? சட்டம் சரிதான். பெரியப்பாவிடம் சொன்னேன். ரெண்டு நாள் பேசலை.

இதில் நாய்தான் பாவம். அதன் வேலை போச்சு, உருவம் மட்டும் மிஞ்சிச்சு. நாட்டு நாய் இனங்களைக் காப்பாற்ற அரசு சைதாப்பேட்டையில் நடத்திய இனப்பெருக்க நிலையம் 2016இல் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது. 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வந்தது. 2020இல் பிரதமர் வானொலியில் நம்ம நாய்களைப் பேர் சொல்லிப் பாராட்டினார். மரியாதை எல்லாம் கிடைக்குது, வேலைதான் இல்லை.

வேலை மாறலாம்

1877இல் நீலகிரியில் வேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. சுடுறதுக்கு மிருகம் மிஞ்சணுமே என்ற கவலையில் பிறந்த சங்கம் அது. 1879இல் அதற்கென்று சட்டமும் வந்தது. அதே சங்கம்தான் இன்றைக்கு நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம். சுட வந்தவர்களின் சங்கம் காக்கிற சங்கமா மாறிச்சு.

சங்கம் மாறும்போது நாய் மாறாதா? 1890களில் நியூசிலாந்தில் ரிச்சர்ட் ஹென்றி என்றொருவர். பறக்கத் தெரியாத காகாப்போ கிளிகளைக் கொல்விலங்குகளிடமிருந்து காப்பாற்றத் தீவுக்கு மாற்றணும். ராத்திரியில் நடமாடும் கிளியை எப்படித் தேடுவது? நாயின் வாயைக் கட்டி, மூக்கை மட்டும் வேலை செய்ய விட்டார். நாய் கண்டுபிடிக்கும், இவர் அலுங்காமல் எடுத்துக்கொள்வார். பறவை நாயை வைத்தே பறவையைக் காப்பாற்றினார் மனுஷன்! இங்கேயும் 2008 முதல் டிராஃபிக் அமைப்பு, புலித்தோல், எலும்பு கடத்தலை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கி வனத்துறைகளுக்குக் கொடுத்து வருகிறது. வேட்டைக்கு உதவின மூக்கு வேட்டைக்காரனையே பிடிக்குது.

இதைப் படிச்ச பிறகு கிளப் தேடுறதை விட்டுட்டேன். கறிக்கடையில் காடை இறகு வாங்கி, பழைய சாக்ஸில் அடைத்து, மாடியில் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன். பிரவுனி தேடும், நிற்கும், காலைத் தூக்கும். விசில் அடிச்சா திரும்பி வரணும். வந்தா அவிச்ச முட்டைத் துண்டு. காட்டுக்குப் போகும்போது நீளக் கயிறு கட்டாயம்.

போன வாரம் பெரியப்பா மாடிக்கு வந்தார். நாய் சாக்ஸைப் பார்த்து சிலையா நிக்குது. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தவர், "கயித்த லூசா விடு. நீ இழுத்தா அதுக்கு ரோசம் வந்துரும்" என்றார்.

ஆக, கிளப்புக்கு இப்போ ரெண்டு உறுப்பினர்கள், ஒரு கோச்.

டிஸ்கி: உங்க ஊர்ப் பெரியவர்கள் யாராவது நாய் பழக்கின கதை சொன்னால், தயவுசெய்து எழுதி வையுங்க மக்களே. அந்தத் தலைமுறையும் போயிட்டா கேட்க ஆள் இருக்காது.