கோமாரி முதல் கல்முனை வரை: பெயர்ப்பலகைகளின் எழுத்தும் வரலாறும்

வரலாற்று மாணவர் சாசனம் என்றதும் கல்லையும் செப்பேட்டையுமே நினைவுகூர்வர். எழுதியோர் யார், எழுதப்பட்ட காலம் எது, அக்காலத்தில் நிலவிய ஆட்சி எது, மொழி எது என்ற வினாக்களை அவற்றின்முன் வைத்து விடைகாண முயல்வர். ஆயின், நாள்தோறும் நாம் கடந்து செல்லும் ஊர்ப்பெயர்ப் பலகை, பாடசாலை முகப்பு, பள்ளிவாசல் வாயில், கடையின் தகரப்பலகை ஆகியனவும் பொதுமக்கள் காணும் இடத்தில், ஒரு காலத்தின் கருவிகொண்டு, ஓர் அதிகாரத்தின் அல்லது ஒரு சமூகத்தின் விருப்பிற்கேற்ப எழுதப்பட்டனவேயாம். சாசனத்திடம் கேட்கும் அதே வினாக்களை இவற்றிடமும் கேட்கலாம். அவ்வாறு கேட்கும்போது, அரசாங்க அறிக்கைகள் கூறாத சில செய்திகளை இவை கூறுகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக அம்பாறைக் கரையோரத்தைக் கொள்வோம். பொத்துவிலிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் முதலில் எதிர்ப்படும் குறிப்பிடத்தக்க ஊர் கோமாரி. அதனைக் கடந்தால் இலங்கையின் கீழ்க்கோடி முனையான சங்கமன்கண்டிப் பகுதி. பின்னர் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என ஊர்கள் தொடர்கின்றன. தமிழூர்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி அமைந்த இக்கரையோரம் 1961ஆம் ஆண்டுவரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்து, அவ்வாண்டில் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. சமயத்தால் வேறுபட்ட இவ்வூர்களின் பொதுமொழி தமிழ். ஆகவே, தமிழெழுத்தின் வரலாற்றைப் பலகைகளில் தேடுவோர்க்கு இச்சாலை வாய்ப்பானதொரு களமாகும்.

முதலிற் கோமாரி என்னும் பெயரையே எழுத்தாக நோக்குவோம். கொம்பு, ககரம், கால், மகரம், கால், ரி என்னும் உறுப்புக்களால் ஆகியது இச்சொல். ஏட்டெழுத்திற் காலுக்கும் ரகரத்திற்கும் வடிவ வேறுபாடில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் குறியில் வேறுபாடில்லை. ஏட்டிற் புள்ளியிடும் வழக்கமும் அரிது. எனவே, இப்பெயரின் முதற்கூறினைக் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் என ஆறு வகையாகவும், அடுத்த கூறினை மா, மர, மர் என மூன்று வகையாகவும் படிக்க இடமுண்டு. ஆறெழுத்துறுப்புக்கள் கொண்ட ஒரு சிற்றூர்ப் பெயருக்கு 18 வாசிப்புக்கள்! ஊரை அறிந்தவனே பெயரைப் பிழையின்றிப் படிக்க முடியும் என்ற நிலையில், எழுத்து நினைவுக்கு ஒரு துணையேயன்றி அதற்கு மாற்றாக இருக்கவில்லை.

இவ்விடரை நீக்கிய பணியிற் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயர் முதன்மையாக வழங்குகின்றது. கொம்பின் தலையை மேலே சுழித்து நெடிலுக்குரியதாக்கும் முறையை அவர்மேல் ஏற்றிக் கூறுவது மரபு. ரகரத்தின் அடியிற் சாய்கோடிட்டு அதனைக் காலிலிருந்து பிரிக்கும் வழக்கம் அச்செழுத்தின் வழி நிலைபெற்றது. எனினும் ர், ரி, ரீ ஆகியவற்றில் அச்சாய்கோடின்றி எழுதும் பழைய வழக்கம் அச்சிலும் தூரிகையெழுத்திலும் நெடுநாள் தொடர்ந்தது. ‘மா’வின் காலும் ‘ரி’யின் உடலும் ஒரே வடிவினவாய் அடுத்தடுத்து நிற்கும் கோமாரிப் பலகையொன்றைக் காண்பவர், ஏட்டு மரபின் எச்சமொன்றையே காண்கிறார்.

இனி வடக்கேயுள்ள ஊர்ப்பெயர்களை நோக்குக. கல்முனை, மருதமுனை, பாலமுனை, அட்டாளைச்சேனை என முனை, சேனை என்னும் ஈறுகள் இக்கரையோரத்தில் மிகுதி. கடலை நோக்கி நீண்ட நிலமும் காடு வெட்டிப் பயிரிட்ட நிலமும் இவ்வீறுகளால் உணர்த்தப்படுகின்றன. எழுத்தியல் நோக்கில் இவற்றிற்கு மற்றொரு சிறப்புமுண்டு. ண, ல, ள, ன என்னும் நான்கெழுத்துக்களும் ஐகாரம் ஏறும்போது யானைத் துதிக்கை போன்ற மேல்வளைவினைப் பெறுவது பழைய வடிவம். ஏனைய மெய்களுக்குரிய இரட்டைச் சுழியை இவற்றிற்கும் பொதுவாக்குவது புதிய வடிவம். ஆகவே ‘முனை’ என்று முடியும் ஒவ்வோர் ஊர்ப்பலகையும் தான் எவ்வடிவத்தைச் சார்ந்தது என்பதைத் தன் ஈற்றெழுத்திலேயே அறிவித்துவிடுகின்றது. அட்டாளைச்சேனை என்னும் பெயரிலோ அத்தகைய எழுத்துக்கள் இரண்டு உள.

இம்மாற்றத்தின் வரலாறு யாவரும் அறிந்ததே. பெரியார் ஈ.வெ.ரா. 1935ஆம் ஆண்டில் தமது குடி அரசு இதழிற் சீர்திருத்த வடிவங்களை வழங்கத் தொடங்கினார். 1978ஆம் ஆண்டு ஒக்டோபரில் தமிழ்நாட்டரசு ணா, றா, னா முதலிய ஆகாரங்களையும், அவற்றின் ஒகர ஓகாரங்களையும், ணை, லை, ளை, னை ஆகியவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துக்களின் புதிய வடிவத்தை ஆணையாக வெளியிட்டது. அவ்வாணை இலங்கையைக் கட்டுப்படுத்துவதன்று. தமிழகத்து நூல்களும் இதழ்களும் அச்செழுத்துக்களும் வந்து சேர்ந்த வேகத்திலேயே புதிய வடிவம் இங்கு பரவியது. இதனாற் காலங்கணிப்போர் கவனிக்கவேண்டிய நெறியொன்று உண்டு. புதிய வடிவுடைய பலகை அச்சீர்திருத்தம் பரவிய காலத்திற்குப் பிற்பட்டதெனப் பெரும்பாலும் துணியலாம். பழைய வடிவுடைய பலகையையோ அதனை மட்டும் சான்றாகக் கொண்டு முற்பட்டதெனத் துணிதல் கூடாது. எழுதுபவன் கை இளமையிற் பழகிய வடிவத்தை முதுமைவரை விடுவதில்லை. கல்வெட்டறிஞரும் இதே எச்சரிக்கையுடனேயே எழுத்தமைதி கொண்டு காலம் உரைப்பர்.

முஸ்லிம் ஊர்களின் பலகைகள் வேறொரு செய்தியைத் தருகின்றன. பள்ளிவாசல் வாயில்களில் ‘ஜும்ஆ’ என்னும் சொல்லைக் காண்கிறோம். உயிரெழுத்து சொல்லின் முதலிலன்றி இடையில் தனித்து நிற்பது அளபெடைக்கே உரியதென்பது தமிழிலக்கண மரபு. இங்கு ஆகாரம் அளபெடைக்காக நிற்கவில்லை; அறபு மொழியின் ‘அய்ன்’ என்னும் மிடற்றொலியைக் காட்டவே நிற்கின்றது. ஷரீஅத், ஜம்இய்யா போன்ற சொற்களிலும் இந்நெறியே பின்பற்றப்படுகின்றது. புதிய எழுத்தொன்றையும் ஆக்காது, உள்ள எழுத்தின் இடத்தை மாற்றுவதனாலேயே பிறமொழியொலியொன்றைக் குறித்துக்கொண்டது முஸ்லிம்களின் தமிழ். இதன் மறுதலையான முயற்சியே அறபுத்தமிழ். ஆங்கு அறபெழுத்திற்குப் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டித் தமிழுக்கே உரிய ஒலிகளை எழுதினர். மார்க்க நூல்கள் பல அவ்வெழுத்திலேயே பயிலப்பட்டன. இவ்விரு முயற்சிகளையும் ஒருங்கு நோக்கினாலன்றி இக்கரையோரப் பலகைகளின் எழுத்துமுறை விளங்காது. கல்முனையில் ‘ஸாஹிறா’ என்று எழுதுவாரும் ‘சாஹிரா’ என்று எழுதுவாரும் உளர். அவ்வேறுபாடு அறியாமையால் எழுந்ததன்று. அறபொலிக்கு அணுக்கமாக எழுதுவதா, தமிழ்வழக்கிற்கு அணுக்கமாக எழுதுவதா என்ற பழைய வினாவின் இரு விடைகளே அவை.

அலுவலகப் பலகைகளும் இவ்வாறே. தபாற் கந்தோர் என்ற தொடரிலுள்ள கந்தோர் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். அவர்களின் ஆட்சி 1796இல் நீங்கிய பின்னரும் அச்சொல் தமிழ்ப் பலகைகளில் வாழ்ந்தது. பின்னர் அஞ்சல் அலுவலகம், தபாலகம் என்பன அதன் இடத்தைக் கொண்டன. பாடசாலைகளிற் சில ‘மெதடிஸ்த மிஷன்’ என்ற அடையை இன்றும் தாங்குகின்றன. 1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெற்ற பாடசாலைகள் அரசின்கீழ் வந்தபோதும், பெயர் மட்டும் முன்னைய நிருவாகத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றது.

இதுவரை கூறியன எழுத்தின் வடிவத்தையும் சொல்லையும் பற்றியன. எழுத்து உரிமைச் சின்னமாகவும் ஆகுமென்பதற்கு ‘ஸ்ரீ’ என்னும் ஓரெழுத்தின் கதையே போதிய சான்றாகும். திருக்கோவிலிலுள்ள தமிழ்ச் சாசனம் ஸ்ரீ சங்கபோதி என்னும் விருதுப்பெயருடைய விஜயபாகு மன்னனின் பத்தாம் ஆட்சியாண்டைக் குறித்து, சிவஞானசங்கரர் கோயிலுக்கான நிலக்கொடையைக் கூறுகின்றது. சிங்கள அரசன் ஒருவனின் பெயர் தமிழ்ச் சாசனத்தில், கிரந்தம் கலந்த எழுத்தில், சிவன்கோயிற் கொடையின் பொருட்டுப் பொறிக்கப்பட்டது. அச்சாசனம் பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குரியதென்பது வரலாற்றாசிரியர் சிலரின் துணிபு. அந்நாளில் எவர்க்கும் அது வியப்பாய் இருந்திராது.

1956ஆம் ஆண்டிற் சிங்களம் மட்டும் அரசகரும மொழியெனச் சட்டமாகியது. அவ்வாண்டுத் தேர்தலிற் கல்முனை, பொத்துவில் ஆகிய இரு தொகுதிகளிலும் தமிழரசுக் கட்சியின் சார்பில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்கள் வென்றமை, மொழிப்பிரச்சினை இக்கரையோரத்திற் சமய எல்லையைக் கடந்து உணரப்பட்டதற்குச் சான்று. 1958இன் தொடக்கத்தில் வாகன இலக்கத் தகடுகளில் ஆங்கில எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிங்கள ‘ஸ்ரீ’ இடம்பெற்றபோது, தமிழ்ப் பகுதிகளில் அதனை அழித்துத் தமிழ் ‘ஸ்ரீ’ எழுதும் இயக்கம் எழுந்தது. அதற்கு எதிராகத் தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினர். தமிழகத்திலே தனித்தமிழார் வேண்டாவென விலக்கிய ஒரு கிரந்தவெழுத்து, இலங்கையிலே தமிழ் உரிமையின் அடையாளமாக ஏந்தப்பட்டது! திருக்கோவிற் கல்லில் அமைதியாக நின்ற எழுத்து, நான்கு நூற்றாண்டு கழிந்தபின் தாருக்கும் தூரிகைக்கும் இடையே அகப்பட்டது. எழுத்தின் பொருள் அதன் வடிவத்தில் மட்டுமன்று, அதனை யார் எவர்மீது எழுதினர் என்பதிலும் தங்கியுள்ளதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1978ஆம் ஆண்டின் யாப்பு தமிழையும் தேசிய மொழியென ஏற்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் அதனை அரசகரும மொழியுமாக்கியது. நெடுஞ்சாலைப் பலகைகளில் இன்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற ஒழுங்கிற் பெயர்கள் எழுதப்படுகின்றன. மூன்று வரிகளுள் எது மேலது, எதன் எழுத்துப் பெரியது, எதிலே பிழை மலிந்தது என்பனவற்றைப் பார்ப்பவர், சட்டத்தின் சொல்லுக்கும் நடைமுறைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்கலாம். 2019 ஏப்ரிற் குண்டுத் தாக்குதல்களின் பின்னர்ப் பொதுவிடப் பலகைகளில் அறபெழுத்து இருக்கலாமா என்பது நாடளாவிய விவாதமாயிற்று. பலகை மறுபடியும் ஓர் அரசியற் களமானது.

இப்பலகைகள் கல்லைப்போல் நிலைப்பனவல்ல. உப்புக்காற்று தகரத்தை அரிக்கின்றது. வெயில் வண்ணத்தை உரிக்கின்றது. சீமெந்திற் புடைப்பாக ஆக்கிய பெயரும் ஆண்டுமே சற்று நீடிப்பன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அவற்றிலும் பலவற்றைச் சுவரோடு கொண்டுசென்றது. இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அப்பேரிழப்பின்முன் சுவரெழுத்தைப் பற்றிப் பேசுவது சிறுமையெனத் தோன்றலாம். ஆயினும் கரையோரத்து ஊரொன்றின் பழைய பாடசாலை எந்த ஆண்டில், எவரால் கட்டப்பட்டதென்பதற்கு அதன் முகப்பெழுத்தே எளிதில் எவரும் காணக்கூடிய சான்றாய் இருந்ததெனின், அதன் அழிவும் இழப்பே.

தூரிகைக்கு அடுத்து வந்தது கணினி. இலங்கையிற் பெருவழக்குப் பெற்ற பாமினி போன்ற எழுத்துருக்கள் கையெழுத்தின் பன்மையை ஒடுக்கி ஊர்தோறும் ஒரே முகத்தை நல்கின. தமிழெழுத்தின் இயல்பறியாத மென்பொருளில் அடிக்கும்போது, மெய்க்கு முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே சென்று விழுகின்றது. ‘கோ’ போன்று இருபுறமும் குறிபெறும் எழுத்துக்களே முதலிற் சிதைவன. கோமாரியின் பெயரை ஏட்டிற் படிக்க இடர்ப்பட்டதற்குக் காரணம் குறிகளின் குறை. இன்று அது சிதைவதற்குக் காரணமோ, குறிகள் யாவும் இருந்தும் அவற்றை அவற்றின் இடத்தில் நிறுத்துவோர் இல்லாமை. தூரிகையாளன் தவறெழுதினால் வழிப்போக்கன் நின்று திருத்துவான். அச்சான நெகிழித்தாளோ பிழையுடனேயே தொங்குகின்றது.

ஆகவே செய்யத்தக்கது யாது? பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லும்போது ஊரிலுள்ள பழைய பலகைகளையும் கட்டட முகப்புக்களையும் ஒளிப்படம் எடுத்தல் வேண்டும். இருக்குமிடம், பொருள், எழுதப்பட்ட மொழிகளும் அவற்றின் வரிசையும், ஐகாரத்தின் வடிவம், ரகரத்தின் அடிக்கோடு, கிரந்தவெழுத்துக்கள், கிறித்து ஆண்டோ ஹிஜ்ரி ஆண்டோ குறிக்கப்பட்டிருப்பின் அது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். எழுதிய தூரிகையாளர் உயிரோடிருப்பின் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் இன்னும் நன்று. அவர் எந்தப் புத்தகத்தின் எழுத்தைப் பார்த்துப் பழகினார் என்ற ஒரு வினாவின் விடை, அச்செழுத்திற்கும் தெருவெழுத்திற்கும் உள்ள உறவை விளக்கிவிடும். பொத்துவிலிலிருந்து மருதமுனைவரை இப்பணியைச் செய்து முடிக்கச் சில மாணவரும் ஒரு விடுமுறையும் போதும். அடுத்த மழைக்காலத்திற்கு முன் தொடங்குவது நலம்.